யாந்த்ரா கப்பலின் விருந்தாளி

ரூஸே ரயில் நிலையத்தில் ரங்கெல் வெல்ச்சினோவ் இறங்கியபோது பிற்பகல்தான் ஆகியிருந்தது. ஆனால் டான்யூப் நதியிலிருந்து எழுந்த மூடுபனி தெருத்தெருவாகப் புகுந்து, பகல் முடிந்துவிட்டதென்று ஊரை நம்பவைத்திருந்தது. விளக்குகள் எரிந்தன. அவர் டாக்சி பிடிக்கவில்லை. பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு, முதுகு வளையாமல், தகப்பனார் கட்டிய வீட்டை நோக்கி நடந்தார்.

அந்த நதியில் சரக்குப் படகு ஓட்டிய கேப்டன் அவர். ஓய்வுபெற்று சோபியாவில் குடியேறிய பிறகும் ரூஸேயில் அவரைக் கண்டால் தொப்பியைத் தொடுகிறவர்கள் இருந்தார்கள். மனைவி இறந்தபோதும், படகுக் கம்பெனி இழுத்து மூடப்பட்டபோதும், தம்பி அசென் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் அடைந்துகொண்டபோதும், விசாரித்தவர்களுக்கு ரங்கெல் சொன்ன பதில் ஒன்றுதான்: "எங்க வீட்டுல எல்லாம் நல்லபடியா இருக்கு." வீட்டுக் காயத்தைத் தெருவில் அவிழ்த்துக் காட்டுகிறவர்களை அவர் மதித்ததே இல்லை.

மறுநாள் மதியம் சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தது. மகள் நெவெனாவுக்கும் கிரில் என்ற பையனுக்கும் நிச்சயம். சோபியாவில் ஒரு ஓட்டலில் வைத்துக்கொள்ளலாம் என்று பையனின் தாயார் சொல்லிப் பார்த்தாள். ரங்கெல் கேட்கவில்லை. வெல்ச்சினோவ் பெண்ணுக்கு வெல்ச்சினோவ் வீட்டில்தான் மோதிரம் மாற்ற வேண்டும். தம்பி செத்து ஓராண்டுகூட ஆகவில்லை, துக்கம் கழியும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் பொறுக்க முடியாத காரணம் ஒன்று நெவெனாவின் வயிற்றில் வளர்ந்துகொண்டிருந்தது. அது வெளியே தெரிவதற்குள் காரியம் முடிந்தாக வேண்டும்.

வீட்டு வாசலில் அவர் நின்றார்.

கதவில் தம்பியின் படம் போட்ட சாவு அறிவிப்புத் தாள் வெளிறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நிலைக்கு மேலே கறுப்பு ரிப்பன். அந்த ஊரில் சாவு நடந்த எல்லா வீட்டுக்கதவிலும் இருப்பதுதான். மழையும் வெயிலும் தின்று தீர்க்கும்வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள். ரங்கெல் மட்டும் தொட்டார். நல்ல காரியத்துக்கு வருகிறவர்களைச் செத்தவன் முகத்தோடு வரவேற்க முடியுமா? தாளை நகத்தால் சுரண்டி எடுத்தார். பெட்டியின் மேல் ஏறி நின்று ரிப்பனை அவிழ்த்தார். முடிச்சு சுலபத்தில் வரவில்லை. அது படகுக்காரர்கள் போடும் முடிச்சு. யார் கட்டியிருப்பார்கள் என்று ஒரு கணம் யோசித்தார், பிறகு விட்டுவிட்டார்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பல் டாக்டர் காலினா. வெள்ளைக் கோட்டோடு நின்று சிரித்தாள். அசெனின் பள்ளித்தோழி, வாய் ஓயாத பெண்.

"காலினா! சௌக்கியமா?" என்றார்.

"இங்கே எல்லாம் நலம். அருகே வாருங்கள்."

குரல் தெளிவாக, ஏற்ற இறக்கமில்லாமல் இருந்தது. பரவாயில்லையே, வயது ஏறியதும் ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொண்டாளே என்று ரங்கெல் நினைத்தார். தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை முகத்தில் அறைந்தது. ஈரச்சுண்ணாம்பு. அலமாரி மேல் யாரோ வாசத்துக்கு வைத்து மறந்த சீமைமாதுளை அழுகிய இனிப்பு. இவற்றுக்கு அடியில், மிக மெலிதாக, கம்பி கருகினாற்போல் ஒன்று. சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்து, தாளையும் ரிப்பனையும் முதலில் அதில்தான் போட்டார்.

சற்று நேரத்தில் பின்கதவை யாரோ தட்டினார்கள். விரல்நுனியால், கேட்டும் கேட்காமலும்.

போயான். துறைமுகத்தில் மின்வேலை பார்ப்பவன், அசெனின் நெருங்கிய நண்பன். கழுத்துத்துண்டை வாய்வரை சுற்றியிருந்தான். அதை விலக்காமலே கிசுகிசுத்தான்.

"கதவுல இருந்ததைக் கழட்டினது நீங்களாண்ணே?"

"ஒரு வணக்கம் சொல்லிட்டு உள்ள வந்தா குறைஞ்சா போயிடுவே? உங்கம்மா உன்னை அப்படி வளர்க்கலையே."

"மெதுவாப் பேசுங்க. நீங்களா?"

"நானேதான். நாளைக்குப் பொண்ணுக்கு நிச்சயம். வாசல்ல சாவை ஒட்டி வச்சுக்கிட்டு சம்பந்தியைக் கூப்பிடச் சொல்றியா?"

"தாள் போனாப் போகட்டும். ரிப்பன் எங்கே?"

ரங்கெல் அடுப்பைக் காட்டினார்.

போயான் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தான்.

"அதைக் கட்டினது யாருன்னு தெரியுமாண்ணே?"

"நீயா இருக்கும். இல்லே தெருக்காரங்க."

"அசென். உசிரோட இருக்கறப்பவே. அவனே ஏணி போட்டு ஏறிக் கட்டினான். அவன் செத்தப்புறம் நாங்க ஒட்டினது தாள் மட்டுந்தான்."

ரங்கெலின் முகம் இறுகியது. இதே பேச்சுத்தான் வசந்த காலத்தில் காற்றுவாக்கில் அவர் காதில் விழுந்தது. அசெனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, தனக்கே துக்கம் கொண்டாடினான், யாரோடும் பேசாமல் மாடி அறையில் உட்கார்ந்தபடியே செத்தான் என்று. மாரடைப்பு என்று சொல்லி அந்தப் பேச்சின் கழுத்தை அவர்தான் நெரித்தார்.

"என் தம்பி பைத்தியம்னு சொல்லத்தான் வந்தியா?"

"பைத்தியமா இருந்திருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேண்ணே. மாடிக்கு வாங்க."

மாடிக்கு எப்படியும் போக வேண்டியிருந்தது. தகப்பனாரின் வாதுமைமர மேசை அங்கேதான் கிடந்தது. நாளை மோதிரத்தட்டு அதன்மேல்தான் வைக்கப்பட வேண்டும்.

அறையில் குளிர் வேறுவிதமாக இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் பனி முகத்தை அழுத்திக்கொண்டு நின்றது. மேசைமேல் நட்சத்திர வரைபடங்களும் பகடைகளும் காய்ந்த காப்பிக் கோப்பைகளும் விட்டது விட்டபடி கிடந்தன. நடுவில் அசெனின் கணினி. அதன் மின்கம்பி வேரோடு வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் பழைய படகு ரேடியோ ஒன்று, சுருள்கம்பியில் தொங்கும், கையில் பிடித்துப் பேசும் மைக்கோடு. ரங்கெல் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அவருடைய 'யாந்த்ரா' படகை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டபோது அவர் கழற்றிவந்து தம்பிக்குக் கொடுத்தது.

சனிக்கிழமைதோறும் இந்த மேசையைச் சுற்றி என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியும். வேலைவெட்டி உள்ள பெரியவர்கள் கூடி, தாங்கள் ஒரு விண்கப்பலின் ஆட்கள் என்று வேஷம் கட்டி விளையாடுவார்கள். அசென் கதை சொல்வான். மற்றவர்கள் பகடை உருட்டி, அவரவர் வேஷத்தின் வாயால் பேசுவார்கள். அந்தக் கப்பலுக்கும் அசென் யாந்த்ரா என்றே பேர் வைத்திருந்தான்.

"பொம்மைக் கப்பல் ஓட்டற வயசா உங்களுக்கு?" என்றார் ரங்கெல். பழக்கதோஷத்தால்தான் அதைச் சொன்னார்.

"காலினாதான் கேப்டன்," என்றான் போயான். "நான் எந்திரக்காரன். வாய் பேச முடியாத எந்திரக்காரன்."

"ஊமை வேஷத்தை எவனாச்சும் கேட்டு வாங்குவானா?"

"பகடையில விழுந்ததுண்ணே. ராத்திரி பூரா சைகையிலயே பேசணும். அவங்க ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சு உருளுவாங்க. அந்தப் பகடைதான் என்னைக் காப்பாத்திச்சு."

அவன் ரேடியோவைப் பார்க்காமல் பேசினான்.

"கதையில ஒரு வைரஸ் வச்சிருந்தான் அசென். 'விருந்தாளி'ன்னு பேரு. அது எதையும் உடைக்காது, எதையும் அழிக்காது. ஆளில்லாத கப்பல்லேருந்து ரேடியோவுல கூப்பிடும். பதில் சொல்ற கப்பலோட கணினிக்குள்ள வந்து மரியாதையா உக்காந்துக்கும். அப்புறம் அந்தக் கேப்டன் குரல்லயே அடுத்த கப்பலைக் கூப்பிடும்."

"என்னன்னு?"

போயான் எழுந்து ஜன்னலோரம் போய், பனிக்கு அப்பால் மங்கலாகத் தெரிந்த எதிர்வீட்டைப் பார்த்தான்.

"இங்கே எல்லாம் நலம். அருகே வாருங்கள்."

ரங்கெலின் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

"மருந்து கிடையாது. ஒரே ஒரு விதிதான். வைரஸ் வந்த கப்பல் வெளியில கறுப்புத்துணி கட்டணும். மத்தவங்க பார்த்து விலகிப் போயிடுவாங்க. ஆனா எங்க கதையில எந்தக் கேப்டனும் கட்டமாட்டான். மானம் போயிடுமாம். அசென் சிரிப்பான். 'அந்தக் கேப்டன்களையெல்லாம் எங்கண்ணனைப் பார்த்துத்தாண்டா செஞ்சேன்'னு சொல்லுவான்."

போயான் மிச்சத்தையும் சொன்னான்.

விளையாட்டுக்கு உயிரூட்ட வேண்டுமென்று அசென் விருந்தாளியை நிஜமாகவே எழுதினான். சின்னக் கணினி நிரல்தான். ஆட்டத்தில் பேசுகிறவர்களின் குரலைக் கேட்டுக் கேட்டு, அதே குரலில் ரேடியோ வழியாக அவர்களையே கூப்பிடும். எல்லாரும் மிரண்டார்கள், கைதட்டினார்கள். பிறகு, ஆட்டம் இல்லாத நாளிலும் அது கூப்பிட்டது. அசென் நிரலை அழித்தான். கூப்பிட்டது. கம்பியை வெட்டினான். அப்போதும் கூப்பிட்டது. ஆட்டத்தில் காலினா நூறு தடவை பதில் சொல்லியிருக்கிறாள்; நூற்றியோராவது தடவை அவள் பதில் சொன்னபோது ஆட்டம் நடக்கவில்லை.

"அவகிட்ட பல்வலின்னு போறவங்க எல்லாம் சிரிச்சுக்கிட்டே திரும்பி வர்றாங்கண்ணே. போஸ்ட்மேன், ரொட்டிக்கடைக்காரி, சர்ச்சுல மணியடிக்கறவர். எல்லாரும் மரியாதையாப் பேசறாங்க. இந்தத் தெருவுல இப்ப ஒரு சண்டை சச்சரவு கிடையாது. கேட்டுப் பாருங்க, ஒரு நாய் குரைக்குதா?"

குரைக்கவில்லை.

"அசெனுக்குள்ளயும் வந்துடுச்சு. அது அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்தா அதுதான் பேசும்னு, சாகற வரைக்கும் அவன் வாயே திறக்கலை. வாசல்ல ரிப்பனைக் கட்டிட்டு இந்த நாற்காலியில உக்காந்துட்டான். நீங்க போன் பண்ணினீங்களே, எடுத்தானா?"

எடுத்தான். அதுதான் ரங்கெலுக்குப் பொறுக்கவில்லை. தம்பி போனை எடுப்பான், பேசமாட்டான். மூச்சு மட்டும் கேட்கும், கனமாக, பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு. அண்ணனிடமே திமிரா என்று திட்டிவிட்டு வைத்தவர், பிறகு கூப்பிடவே இல்லை.

"சம்பந்தியை வரவேணாம்னு சொல்லிடுங்கண்ணே."

"என்ன காரணம் சொல்ல? வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வியாதின்னா?"

"குழாய் உடைஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க."

"வெல்ச்சினோவ் வீட்டுல குழாய் உடையாது."

"அண்ணே, உங்க காலைப் பிடிக்கறேன்..."

ரேடியோ இரைந்தது.

வானொலிக்கு உரிய சாதாரண இரைச்சல்தான். ரங்கெல் வாழ்நாளெல்லாம் கேட்டது. நதியின் மேல் பனி இறங்கும் நாட்களில் அந்த இரைச்சலுக்குள்ளிருந்துதான் மனிதக்குரல்கள் வரும்: வழி கேட்கும் குரல்கள், மணல்திட்டில் ஏறிவிட்ட குரல்கள், மூழ்கும் குரல்கள். பதில் சொல்லாமல் விட்டவனோடு நதியில் ஒருவரும் மறுபடி உட்கார்ந்து குடிக்கமாட்டார்கள்.

"யாந்த்ரா, யாந்த்ரா. கேட்கிறதா?"

அது அசெனின் குரல்.

போயான் இரண்டு கைகளையும் ஆட்டினான். வாய்பேசா எந்திரக்காரனின் சைகை.

"யாந்த்ரா, யாந்த்ரா."

கை தானாகப் போயிற்று. மைக் உள்ளங்கையில் பழைய இடத்தில் பொருந்தியது. கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது.

"யாந்த்ரா பேசுகிறேன். கேட்கிறது. சொல்லுங்கள்."

அவ்வளவுதான்.

இரைச்சல் நின்றது. வெட்டுண்ட கம்பி தரையில் கிடந்தது. ரேடியோவுக்கும் மின்சாரம் இல்லை என்பதை ரங்கெல் அப்போதுதான் கவனித்தார்.

திரும்பிப் பார்த்தார். போயான் கழுத்துத்துண்டை வாயோடு இறுக்கிப் பிடித்திருந்தான். கண்ணில் நீர் திரண்டிருந்தது. அவரையே பார்த்தபடி, முதுகு காட்டாமல், ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக இறங்கிப் போனான். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

ரங்கெலுக்கு உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. சொல்லப்போனால் அந்த ஆண்டு முழுக்க இல்லாத ஒரு நிம்மதி. பகடைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். மேசையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நினைவில் இருப்பது காலை வெளிச்சம்.

அவர் அதே அறையில், சவரம் செய்து, கேப்டன் சீருடை அணிந்து நின்றிருந்தார். வெள்ளை விரிப்பு விரித்த மேசையில் வட்ட ரொட்டியும் உப்புக்கிண்ணமும் ராக்கியா மதுக்குடுவையும் இருந்தன. ரொட்டி இன்னும் சூடாக இருந்தது. அதைச் சுட்டது யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

சம்பந்தி வீட்டில் மூன்று பேர் வருகிறார்கள். நெவெனாவையும் அவரையும் சேர்த்தால் ஐந்து. மேசையைச் சுற்றியும் சுவரோரமாகவும் அறை நிறைய நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. வீட்டில் அத்தனை நாற்காலிகள் கிடையாது. பாதி, இரும்புக்கால் வைத்தவை. காலினாவின் காத்திருப்பு அறை நாற்காலிகள்.

ரங்கெலின் முதுகுத்தண்டில் முதன்முறையாக ஏதோ வளைந்தது.

போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா! பியாலா ஊரைத் தாண்டிட்டோம். கிரிலோட அம்மா வழியிலயே ரெண்டு பனித்ஸா சாப்பிட்டாச்சு. அங்க போய் வயித்துல இடம் வேணும் அத்தேன்னா கேட்டாத்தானே! பனி பயங்கரமா இருக்குப்பா. கிரில் கிழவன் மாதிரி ஓட்டறான்."

பின்னால் சிரிப்புச் சத்தம். திரும்பிப் போம்மா என்று சொல்வதற்காக ரங்கெல் வாயைத் திறந்தார். நாக்கின்மேல் வேறு சொற்கள் ஏற்கெனவே வந்து அமர்ந்திருந்தன. சுத்தமான, துடைத்து வைத்த சொற்கள். அவற்றின் உருவம்கூட உதட்டில் தெரிந்தது.

பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார்.

"அப்பா? கேக்குதா?"

மூச்சு மட்டும் போயிற்று.

"பேசுங்கப்பா. மூச்சு விடறது கேக்குது. அப்பா? சரி, சிக்னல் இல்லைபோல. வந்துடறோம்."

அசென், என்று அவர் மனத்துக்குள் கூப்பிட்டார். அசென், என் தம்பி.

எழுதி அனுப்பலாம் என்று விரல்களைப் போனில் வைத்தார். அவை எழுதியதைப் பார்த்ததும், அனுப்பாமல் போனைத் தண்ணீர் வாளிக்குள் போட்டார்.

கறுப்புத்துணி தேடினார். அலமாரியைத் திறக்கப் போன கை, தட்டுகளை நேராக்கிவிட்டுத் திரும்பியது. கையை மறுபடி அலமாரிக்கு அனுப்பினார். கை, கரண்டிகளை எண்ணி வைத்தது. அது ஒன்றும் முரட்டுத்தனம் செய்யவில்லை. வீட்டுக்காரனின் கையாக அடக்கமாக நடந்துகொண்டது.

அப்போது வெளியே ஏதோ உரசியது. ஜன்னலுக்குக் கீழே, பனிக்குள், ஏணிமேல் போயான். நிலைக்கு மேலே கறுப்பு ரிப்பனைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்து நிமிர்ந்தவன் கண்ணாடி வழியே ரங்கெலைப் பார்த்தான். உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். பிறகு பனி அவனை மூடிக்கொண்டது.

அசெனால் முடிந்தது. அண்ணனால் முடியாதா?

ரங்கெல் முன்கதவைத் தாழிட்டார். கை அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அது இன்னும் அவருடையதாக இருந்த ஏதோ ஒரு கணம். மாடிக்கு வந்து தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அழுத்திக்கொண்டார். கதவைத் திறக்கக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. சம்பந்தி தெருவில் நிற்கட்டும். ஊர் சிரிக்கட்டும். நிச்சயம் முறியட்டும். மகளும் அவள் வயிற்றில் இருப்பதும் இந்த வீட்டு வாசலைத் தாண்டாமல் திரும்பினால் போதும். வாழ்நாளில் முதல்தடவையாக அவர் மானத்தைத் தராசிலிருந்து இறக்கி வைத்தார்.

கார் வந்து நின்றது. கதவுகள் சாத்தும் ஓசை. சிரிப்பு. சட்டென்று சிரிப்பு நின்றது.

"கறுப்பு ரிப்பன்," என்றாள் நெவெனா. "சித்தப்பாவோடது பழசாயிருக்குமே. இது புதுசு. கிரில், இது புதுசு!"

ரங்கெல் கண்ணை மூடினார். மற்றவர்கள் ஒதுங்கிப்போக ஏற்பட்ட அடையாளம் மகளை வாசலுக்கே இழுத்துவந்துவிட்டது.

"அப்பா! அப்பா, கதவைத் திறங்கப்பா!"

கதவு அதிர்ந்தது. அவர் அசையவில்லை.

"அப்பா, உடம்புக்கு என்னாச்சு? கிரில், உடைடா கதவை!"

"கண்டபடி உடைக்காதே," என்றார் பையனின் தகப்பனார். "பக்கத்துல விசாரிப்போம்."

தெருவில் காலடிகள் கேட்டன. ஒன்றிரண்டு அல்ல. எல்லா வீடுகளிலிருந்தும், அவசரமில்லாமல். வந்து நின்றார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. மகளின் அழுகை மட்டும் கேட்டது. அவர் பற்களுக்கிடையில் ரத்தத்தின் உப்பு கரித்தது. அசென் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருப்பான். இன்னும் கொஞ்ச நேரம். அவர்கள் போய்விடுவார்கள். இன்னும் கொஞ்சம்.

பிறகு பையனின் தாயார் பேசினாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனால் பனி, ஓசையைப் பத்திரமாகச் சுமந்துவந்து தரும்.

"மாடியில நிழல் தெரியுது பாரு. உள்ளதான் இருக்கார். வேணும்னே திறக்கலை. நான் அப்பவே சொன்னேன் கிரில். அந்தத் தம்பிக்காரன் பைத்தியம் பிடிச்சுத்தான் செத்தானாம். மாரடைப்புன்னு மூடி மறைச்சாங்களாம். ரத்தத்துலயே இருக்குடா அது. இந்தக் குடும்பத்துல பொண்ணு எடுத்து..."

ரங்கெல் எழுந்தார்.

எழுந்தது விருந்தாளியா, வெல்ச்சினோவா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. படிகளில் இறங்கும்போது முதுகு நேராக இருந்தது. சீருடையின் பொத்தானைக் கை சரிசெய்தது. வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று உள்ளே யாரோ தொலைவில், நதியின் நடுவிலிருந்து கத்திக்கொண்டிருந்தான். அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

தாழ்ப்பாள் விலகியது.

நெவெனா கண்ணீரோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் கிரில், அவன் பெற்றோர். அவர்களுக்குப் பின்னால், பனிக்குள், தெரு முழுக்க முகங்கள். எல்லாம் சிரித்த முகங்கள். நடுவில் காலினா வெள்ளைக் கோட்டோடு. ஓர் ஓரத்தில் போயானும் நின்றான். அவன் கழுத்தில் துண்டு இல்லை. அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

ரங்கெலின் கை உயர்ந்து, நிலைக்கு மேலிருந்து தொங்கிய ரிப்பன் நுனியைப் பிடித்து ஒரே சுண்டில் அவிழ்த்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தது.

"இங்கே எல்லாம் நலம்," என்றார். "அருகே வாருங்கள்."

"பயமுறுத்திட்டீங்களேப்பா!" நெவெனா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "வந்துட்டோம். இதோ வந்துட்டோம்."

பதில் சொல்லிவிட்டாள்.

அவளைத் தள்ளிவிட வேண்டுமென்று நினைத்தார். கைகள் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தன.

ரொட்டியைப் பிய்த்து உப்பில் தொட்டுச் சம்பந்தியம்மாளுக்குக் கொடுத்தார். அவள் முகம் கோணியபடி வாங்கித் தின்றாள். பிறகு கோணல் மெல்ல மறைந்தது. தெருக்காரர்கள் வரிசையாக மாடியேறி வந்து உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் சரியாக இருந்தன. மோதிரம் மாற்றினார்கள். அத்தனை மரியாதையான நிச்சயத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. ஒரு குறை, ஒரு குத்தல், ஒரு முணுமுணுப்பு இல்லை. வெல்ச்சினோவ் என்ற பெயரில் எவரும் இனி ஒரு கறை காட்ட முடியாது.

தன் கண்களுக்குப் பின்னால், ரங்கெல் ஒரு மூழ்கும் படகின் ஜன்னலிலிருந்து பார்ப்பவராக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெவெனாவின் போன் அடித்தது. சோபியாவில் அவளோடு வேலை பார்க்கும் தோழி. அந்த இரண்டு பெண்களும் பேசத் தொடங்கினால் வாயில் கெட்ட வார்த்தையும் சிரிப்பும்தான் இருக்கும். ரங்கெல் பலமுறை கண்டித்திருக்கிறார்.

"என்னடி, மோதிரம் ஏறிச்சா? உங்கப்பா மொறைச்சாரா? பேசித் தொலையேன்!" போனுக்குள்ளிருந்து தோழியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

திட்டும்மா, என்று அவர் வேண்டினார். எப்போதும்போல ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டு.

நெவெனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதுகு, அப்பாவினுடையதைப் போலவே நேராக நின்றது. ஒரு கையை வயிற்றின்மேல் மெல்ல வைத்துக்கொண்டாள்.

"இங்கே எல்லாம் நலம்," என்றாள். "அருகே வாருங்கள்."